சித்திரையில் போட்ட இரண்டு கையெழுத்துகள்

போன வாரம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள். செல்களை வளர்க்கும் சத்துத் திரவம், மீடியம் என்போம், அதில் புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை செல்களுக்கு ஊற்றிவிட்டுப் போனால், திங்கட்கிழமை வந்து பார்த்தால் போதுமாம். "சார், நீங்கள்லாம் தீபாவளி அன்னைக்கும் வந்து மீடியம் மாத்துனீங்களாமே, நெசமா?" என்று கேட்டாள்.

நிஜம்தான் என்றேன். தீபாவளிக்கு வந்தேன், பொங்கலுக்கு வந்தேன், என் தங்கை கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறி வந்தேன். யாரிடமும் சொல்லாமல் வராத நாட்கள் இரண்டு உண்டு. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்த பிறகு அதே நினைப்பாக இருந்தது. திருநகர் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் சாந்தாராம். சௌராஷ்டிராக்காரன், மதுரையில் மகால் பக்கத்துச் சந்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவும் சித்தப்பாவும் துணிக்கடை வைத்திருந்தார்கள். எனக்கு வியாபாரம் வராது என்பது பத்து வயதிலேயே வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. விலங்கியலில் பட்டம் வாங்கினேன். ஒரு கல்லூரியில் சில வருடம் பிள்ளைகள் அறுப்பதற்குத் தவளை எடுத்துக் கொடுத்தேன். பிறகு காளவாசல் தாண்டி மேற்கே இருந்த ஆராய்ச்சித் துறையில் டெக்னீஷியன் ஆனேன். பெங்களூருக்கு அனுப்பி மூன்று மாதம் செல் வளர்க்கப் பழக்கினார்கள். அந்த மூன்று மாதத்தில் நான் உருப்படியாகக் கற்றது கை கழுவுவதைத்தான் என்று ஹெலன் மேடம் கேலி செய்வார்.

ஹெலன் மேடம்தான் எங்கள் கூடத்துக்குத் தலைவி. குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைக்கிற நேரம் கூடக் கூட எதிரில் நிற்பவனுக்கு வியர்க்கும். நாங்கள் எதைச் சொல்லப் போனாலும், "என்ன பார்த்தீங்க, அதை மொதல்ல சொல்லுங்க. என்ன நினைச்சீங்கங்கிறது அப்புறம்" என்பார். நோட்டில் பென்சில் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது. மேலே ஒற்றைக் கோடு போட்டு, அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். இது என்ன வறட்டுப் பிடிவாதம் என்று நான் உள்ளுக்குள் முனகியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கூடத்துக்கு உலர்பனிப் பெட்டியில் நாலு சின்னக் குழாய்கள் வந்தன. கருவாகிச் சில நாளே ஆன சுண்டெலிக் கருவிலிருந்து எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்கள். அவற்றின் விசேஷம் என்னவென்று மேடம் எனக்கு டீ குடிக்கிற இடத்தில் வைத்துச் சொன்னார். நம் உடம்பில் தோல் செல் தோலாகத்தான் இருக்கும், நரம்பு செல் நரம்பாகத்தான் இருக்கும். இந்தச் செல்கள் இன்னும் எதுவாகவும் ஆகவில்லை. அதனால் எதுவாகவும் ஆக முடியும். இதயம் ஆகலாம், நரம்பு ஆகலாம், ரத்தம் ஆகலாம். கருவுக்குள் இந்த நிலை ஓரிரு நாள்தான் இருக்கும். தட்டில் வைத்து அந்த நிலையிலேயே வருடக்கணக்காக நிறுத்தி வைப்பதுதான் எங்கள் வேலை.

நிறுத்தி வைப்பது எது என்றால், லிஃப் என்று ஒரு புரதம். அதை மீடியத்தில் கலந்து கொடுப்போம். செல்லின் மேல்தோலில் அதை வாங்கிக்கொள்ளத் தனி இடம் இருக்கிறது. அங்கே லிஃப் வந்து உட்கார்ந்ததும், உள்ளே இருக்கிற இன்னொரு புரதத்தின் மேல் ஒரு சின்ன அடையாளம் ஏறுகிறது. அடையாளம் ஏறிய புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய், 'இப்படியே இரு' என்கிற சேதியைச் சேர்க்கிறது. அதே நேரத்தில் செல் தானாகவே வேறொன்றைச் சுரந்து, தானே அதை வாங்கி, 'கிளம்பு, ஏதாவது ஒன்றாக ஆகு' என்றும் தனக்குச் சொல்லிக்கொள்கிறது. இரு என்பதும் கிளம்பு என்பதும் எந்நேரமும் ஒரே செல்லுக்குள் நடந்துகொண்டிருக்கின்றன. எனக்கு இது அப்போதே பிடித்துப் போயிற்று. எங்கள் வீட்டில் என் மனைவியும் என் அம்மாவும் எனக்கு ஒரே நேரத்தில் யோசனை சொல்வது இப்படித்தான் என்று நான் சொன்னதற்கு மேடம் சிரித்தார்.

தினசரி வேலையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது புரிய அது வேண்டும். மீடியம் ரோஜா நிறத்தில் இருக்கும். செல்கள் தின்று கழித்தால் மஞ்சளாகும். மஞ்சள் ஆவதற்குள், நாளுக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். ஸ்பிரிட்டால் கையைத் துடைத்து, மீடியத்தை உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வந்து, ஃப்ரீசரிலிருந்து அன்றைய லிஃப் குழாய் ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே உருகவைத்துக் கலப்போம். ஒரு நாளைக்கு ஒரு குழாய். தட்டைச் சாய்த்து ஓரத்திலிருந்து பழையதை உறிஞ்சி, புதியதைச் சுவர் வழியாக இறக்க வேண்டும், மேலே கொட்டினால் செல்கள் பெயர்ந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நன்றாக இருக்கிற செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் பளபளக்க, உருண்டை உருண்டையாகத் திரண்டு நிற்கும். கெட்டுப்போனால் உருண்டை அமுங்கி, ஓரத்தில் இருப்பவை தட்டையாகப் பரந்து கால் நீட்ட ஆரம்பிக்கும். கிளம்பிவிட்டது என்போம். கடைசியாக, சுவரில் தொங்கும் அட்டையில் அன்றைய கட்டத்தில் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தில்தான் நான் சறுக்கினேன்.

அப்போது எங்களிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவன் ஒச்சப்பன். செக்கானூரணிப் பக்கம், விவசாயக் குடும்பம். அவன் ஊரில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள். என்னை அண்ணே என்பான், நான் அவனை மாப்ள என்பேன். அவனுக்கு ஆய்வுக் காலம் ஒரு வருடத்துக்கும் குறைவாகவே இருந்தது. கையில் சொல்லிக்கொள்ளும்படி முடிவு எதுவும் இல்லை. 'கிளம்பு' என்கிற சேதியை அடைக்கிற ஒரு மருந்தை மேடம் வரவழைத்துக் கொடுத்திருந்தார். ஒச்சப்பன் இரண்டு வரிசைத் தட்டு வைத்தான். ஒரு வரிசைக்கு மருந்து கலந்த மீடியம், இன்னொன்றுக்கு மருந்து இல்லாதது. இரண்டுக்கும் லிஃப் உண்டு.

அது சித்திரைத் திருவிழா நேரம். தட்டுகளை வைத்த கையோடு ஒச்சப்பன் அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. "மூணே நாளுண்ணே. மூணு குழாய் எடுத்து வச்சிருக்கேன். உங்க கையின்னா எனக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கோ, அந்த வருடம் மகளுக்கு அழகருக்கு முடி இறக்குவதாக வேண்டுதல். அழகர் தல்லாகுளம் வந்து சேரும் நாள் மத்தியானம் முதல் மாற்றத்தை முடித்துவிட்டு, ஆற்றுக்கு வடக்கே தல்லாகுளத்தில் இருந்த என் அக்கா வீட்டுக்குக் குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். அந்தக் கூட்டத்தில் ஆற்றைத் தாண்டித் தெற்கே வந்து, பஸ் பிடித்து மேற்கே போவது நடக்கிற காரியம் இல்லை என்பது மதுரையில் யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் யாரிடமும் சொல்லாமல் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தட்டு கொள்ளும் மட்டும் மீடியத்தை இரட்டிப்பாக ஊற்றினேன். ஊருக்குப் போகிறவர்கள் மாட்டுக்கு இரண்டு நாள் தீவனம் சேர்த்துப் போட்டுவிட்டுப் போவதில்லையா, அந்தக் கணக்கு. லிஃப் மட்டும் ஒரே குழாய்தான் கலந்தேன். மீடியம் உணவு, அது கூட வேண்டும். லிஃப் சேதி, சேதியை ஒரு தரம் சொன்னால் போதாதா என்று நினைத்தேன். மிச்சம் இரண்டு குழாயும் ஃப்ரீசரில் அப்படியே இருந்தன.

பிறகு அட்டையில் அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளைக்கும் சேர்த்து மூன்று கையெழுத்தைப் போட்டேன். என் பழைய கல்லூரியில் இது சகஜம். வெள்ளிக்கிழமையே சனிக்கிழமைக்கும் வருகைப் பதிவேட்டில் போட்டுவிடுவோம், யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

வராத முதல் நாளுக்குக் கூட்டத்தைக் காரணம் சொல்லலாம். வராத இரண்டாம் நாளுக்குக் காரணம் என் ஆசைதான். மகள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அழகர் பின்னாலேயே வண்டியூர் வரைக்கும் போனோம். சந்தோஷமாக இருந்தேன், செல் ஞாபகமே இல்லை. அதற்கு மறுநாள் காலையில் கூடத்துக்கு வந்து இன்குபேட்டரைத் திறந்தால் எல்லாத் தட்டும் மஞ்சள். பதறிப்போய், பொதுவில் இருந்த வேறொரு லிஃப் குழாயைக் கலந்து மாற்றினேன். மருந்து இல்லாத வரிசையில் உருண்டைகள் அமுங்கியிருந்தன. தப்பித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிச்சமிருந்த இரண்டு குழாயை ஃப்ரீசரின் கடைசி அடுக்கில், மீடியத்தில் சேர்க்கிற கன்றுக்குட்டி ரத்தச் சீரத்தின் பழைய புட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அப்போதே, செய்தது தப்பு என்பது எனக்குத் தெரிந்தேயிருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் ஒளிக்க வேண்டும்?

அன்று மத்தியானம் ஒச்சப்பன் வந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவன், அப்படியே உட்கார்ந்துவிட்டான். மருந்து இல்லாத வரிசை முழுக்கப் பரந்து கிளம்பிவிட்டது. மருந்து போட்ட வரிசையில் உருண்டைகள் பளபளவென்று நிற்கின்றன. லிஃப் தினமும் கொடுத்தும் அது கிளம்பிவிட்டது, மருந்து இருந்ததால் இது நின்றது என்று அவன் எடுத்துக்கொண்டான். அட்டையில் என் கையெழுத்து இருக்கும்போது வேறெப்படி எடுத்துக்கொள்வான்? என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மேடம் அவசரப்படவில்லை. திரும்ப மூன்று தரம் செய், அதுவரை யாரிடமும் பேசாதே என்றார்.

திரும்பச் செய்தான். நானே தினமும் முறைப்படி மாற்றினேன். இரண்டு வரிசையும் ஒரே மாதிரி உருண்டையாக நின்றன. வித்தியாசமே இல்லை. மறுபடியும் செய்தான், மறுபடியும் அப்படித்தான். சீரத்தை மாற்றினான். காய்ச்சி வடிக்கும் தண்ணீரைச் சந்தேகப்பட்டு, அதை வடிக்கிற கண்ணாடிக் குழாய்களை எல்லாம் கழற்றி அமிலத்தில் கழுவினான். இன்குபேட்டரின் வாயு அளவைச் சோதித்தான். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. பக்கத்தில் நின்று பைப்பெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் வேலை போகுமோ என்கிற பயம் பாதி. சொல்லாமல் இத்தனை நாள் இருந்துவிட்டோமே, இனி எந்த முகத்தோடு சொல்வது என்கிற வெட்கம் பாதி. வீட்டில் எங்கள் பாஷையில் மனைவியிடம் சொன்னேன். மறுநாள் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்கும்போது, அந்தப் பையன் என்ன ஆனான் என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பையன் அன்று சாயங்காலம் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, சீரம் இல்ல, தண்ணி இல்ல, எல்லாம் பாத்துட்டேன். ஏங்கையிதான் சரியில்ல. எனக்கு இது வராதுண்ணே. மேடத்துட்டச் சொல்லிப்புட்டு ஊருக்குப் போறேன். பேங்க் பரிச்ச எழுதலாம்னு இருக்கேன்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இரு, வாரேன் என்று சொல்லிவிட்டு, ஃப்ரீசரின் கடைசி அடுக்கிலிருந்து அந்த இரண்டு குழாயை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். மேசைமேல் வைத்தேன். நினைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, செய்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன். அவர் சொல்லிக்கொடுத்த முறைதான்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அவ்வளவு நேரம் துடைத்து நான் பார்த்ததில்லை. பிறகு அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். அந்த இரண்டு கட்டத்திலும் என் கையெழுத்தின்மேல் என் கையாலேயே ஒற்றைக் கோடு போடச் சொன்னார். பக்கத்தில் 'மாற்றவில்லை' என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னார். அடியில் இருந்த பொய் நன்றாகவே படிக்கத் தெரிந்தது. அந்த முறைக்கு ஏன் அப்படி ஒரு பிடிவாதம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பிறகு ஒச்சப்பனைக் கூப்பிட்டு அவன் முன்னாலேயே என்னைக் கேட்டார். எத்தனை மணிக்கு ஊற்றினீர்கள், தட்டுக்கு எவ்வளவு, திரும்ப வந்தது எத்தனை மணிக்கு. எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். ஒச்சப்பன் என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிப்புட்டீக" என்றான்.

மேடம் தாளை என் பக்கம் திருப்பினார். "லிஃப் ஒரு தரம் சொல்லிட்டாப் போதாது, சாந்தாராம். உள்ள ஏறுற அடையாளத்தை செல்லே கொஞ்ச நேரத்துல அழிச்சிடும். சொல்லிக்கிட்டே இருக்கணும். நீங்க சொல்றத நிறுத்திட்டீங்க. அப்பவும் ஒரு வரிசை கிளம்பாம நின்னுருக்கு. அது பொய்யில்லையே, கண்ணால பாத்துருக்கீங்க ரெண்டு பேரும்." பேனாவை ஒச்சப்பனிடம் நீட்டினார். "அதே தப்ப மறுபடி பண்ணுங்க. இந்தத் தடவை அளந்து பண்ணுங்க."

வேலை போகவில்லை. ஆனால் ஒச்சப்பன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். அண்ணே போய், சார் வந்தது. எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில். அவன் தட்டுகளை அவனே பார்த்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் செக்கானூரணியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தான். தப்பை அளந்து செய்வதற்கு மட்டும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான், ஏனென்றால் அது எனக்குத்தான் தெரியும். லிஃபை முழுதாக, பாதியாக, துளியும் இல்லாமல் என்று மூன்று விதமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மருந்தோடும் மருந்தில்லாமலும் வைத்தான். மீடியம் மாற்றாமல் ஒரு நாள் விட்டுப் பார்த்தோம், இரண்டு நாள், மூன்று நாள் விட்டுப் பார்த்தோம்.

லிஃப் முழுதாக இருந்தபோது மருந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. லிஃப் குறையக் குறைய, மருந்து இல்லாதவை கிளம்பின, மருந்து போட்டவை தாக்குப்பிடித்தன. 'இரு' என்று சொல்கிற குரல் தேய்ந்தாலும், 'கிளம்பு' என்கிற குரலையும் அடைத்துவிட்டால் செல் கொஞ்ச நாள் இருந்த இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு அதுவும் விட்டுக்கொடுத்துவிடும், மருந்து மட்டும் போதவில்லை. இது ஒன்றும் உலகத்தைப் புரட்டிய கண்டுபிடிப்பு இல்லை. வேறு ஊர்களில் வேறு ஆட்கள் இதே வழியில் எங்களைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாளில் சீரமே இல்லாமல், இப்படி இரண்டு மருந்தை வைத்தே செல்களை நிறுத்தும் முறை வந்தது. ஆனால் ஒச்சப்பனுக்கு அது முழுசாக ஒரு அத்தியாயம். அவன் கையால் செய்தது, எத்தனை தரம் செய்தாலும் வந்தது.

எனக்கு மறக்காதது வேறொன்று. ஒரு நாள் விட்டுப் பார்த்த தட்டுகளில், ஓரம் லேசாக அமுங்கத் தொடங்கியிருந்தவற்றுக்கு லிஃபைத் திரும்பக் கொடுத்தோம். பெரும்பாலானவை மறுபடி திரண்டு உருண்டையாகின. ரொம்ப தூரம் போனவை வரவில்லை, கொஞ்ச தூரம் போனவை வந்துவிட்டன. அப்படித் திரும்பி வந்தவற்றைப் பெருக்கி, பிறகு வேண்டுமென்றே லிஃபை நிறுத்திக் கிளம்பவிட்டோம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் ஒச்சப்பன் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவன் நிமிரவே இல்லை.

"அண்ணே, இங்கிட்டு வாங்க" என்றான்.

போய்ப் பார்த்தேன். தட்டின் ஒரு மூலையில், கடுகளவு இடம் துடித்துக்கொண்டிருந்தது. சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, சீராக. இதயத்துச் செல்கள். புத்தகத்தில் படித்திருக்கிறேன், பெங்களூரில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். என் கண்ணில் தண்ணீர் வந்து கண்ணாடி வில்லையில் விழுந்தது, அதற்கும் ஒச்சப்பன் வைதான். அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டிருந்தது ரொம்ப நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

ஆய்வேட்டை எழுதும்போது என்னிடம் வந்து தயங்கினான். அந்த முதல் தட்டுகளைப் பற்றி எப்படி எழுதுவது, எதிர்பாராத காரணத்தால் மீடியம் மாற்றப்படவில்லை என்று போட்டுவிடலாமா என்று கேட்டான். எதிர்பாராத காரணம் ஒன்றும் இல்லை, சாந்தாராம் மாற்றவில்லை என்று போடு என்றேன். அப்படியே போட்டான். துறை நூலகத்தில் இன்றைக்கும் அது இருக்கும்.

மறு வருடம் சித்திரை வந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, வேலைக் கடிதத்துக்காகக் காத்திருந்த நேரம் அவனுக்கு. தட்டுகள் இப்போது வேறு பிள்ளைகளுடையவை, பொறுப்பு என்னுடையது. நான் அந்த வருடம் அழகரைப் பார்க்கப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஒச்சப்பனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"நீங்க போயிட்டு வாங்கண்ணே. புள்ளய ஏமாத்தாதீக. நாங்க மேற்கதான இருக்கோம், எங்களுக்கு ஆத்தத் தாண்டுற சோலியில்ல. நான் வந்து மாத்துறேன்" என்றான்.

போனேன். மகளைத் தோளில் தூக்கிவைத்து ஆற்றில் நின்றேன். மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கூடத்துக்கு வந்தேன். அட்டையில் முந்தின நாள் கட்டத்தில் ஒச்சப்பனின் கையெழுத்து, பக்கத்தில் காலை ஆறு நாற்பது என்று நேரம். இன்குபேட்டரைத் திறந்து தட்டுகளை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். அவன் கையெழுத்தே போதும் என்று அன்று திறந்து சோதிக்கவில்லை. அதற்கு அடுத்த கட்டத்தைப் பார்த்தேன், அன்றைக்கு நான் போட வேண்டியது, காலியாக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு, அன்றைய குழாய் ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே உருகவைக்க ஆரம்பித்தேன்.